லேபிள் ஒட்டிய சிறுவன்

1824-ம் ஆண்டு அது. லண்டனில், தேம்ஸ் நதிக்கரையில் எலிகள் ஓடித் திரியும் ஒரு பழைய கட்டடம். அங்கே ஷூ பாலிஷ் தயாரித்தார்கள். 12 வயதுச் சிறுவன் ஒருவன் பாலிஷ் ஜாடிகளைக் காகிதத்தால் மூடி, நூலால் கட்டி, லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். சம்பளம் வாரத்துக்கு 6 ஷில்லிங்.

வீட்டில் கடன் தொல்லை. அதனால் அவனது படிப்பு நின்றுபோனது. வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே, கடனைக் கட்டாததற்காக அப்பாவைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். பிறகு அம்மாவும் தம்பி, தங்கைகளும் அப்பாவோடு சிறையிலேயே தங்கினார்கள். அவன் வெளியே தனியாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறைக்குப் போய் அவர்களைப் பார்த்து வருவான்.

அந்தச் சிறுவன் யார் தெரியுமா? பின்னாளில் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளரான சார்லஸ் டிக்கன்ஸ்!

சில மாதங்களில் அப்பா விடுதலையானார். டிக்கன்ஸ் மீண்டும் பள்ளிக்குப் போனார். பிறகு நிருபராகி, நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றார்.

1843-ல் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளி ஒன்றைப் போய்ப் பார்த்தார். கிழிந்த உடையும் பசித்த முகமுமாக இருந்த பிள்ளைகளைக் கண்டு மனம் கலங்கினார். ஆறே வாரங்களில் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' கதையை எழுதி முடித்தார். யாருக்கும் எதுவும் கொடுக்காத ஸ்குரூஜ் என்ற கஞ்சன், ஒரே இரவில் மனம் மாறி ஓர் ஏழைக் குடும்பத்துக்கு உதவும் கதை அது. டிசம்பர் 19-ல் வெளியான 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன!

1858-ல் லண்டன் குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட, அதே கதையை மேடையில் வாசித்தார் டிக்கன்ஸ்.

வீட்டில் எப்படி? ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், தன் பிள்ளைகளைப் பொம்மைக் கடைக்கு அழைத்துப் போவார். அவரவர் விரும்பியதை அவரவரே தேர்ந்தெடுக்கலாம். விருந்து நாட்களில் அவரே மேஜிக் செய்து காட்டுவார்.

1869 கிறிஸ்துமஸ் அன்று குடும்பத்தினர் ஞாபக விளையாட்டு ஆடினார்கள். முன்பு சொன்னவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லி, புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். டிக்கன்ஸின் முறை வந்தது. ஒரு ஷூ பாலிஷ் கம்பெனியின் பெயரையும் விலாசத்தையும் சொன்னார். அவர் ஏன் அதைச் சொன்னார் என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

அதுவே அவருடைய கடைசி கிறிஸ்துமஸ். 1870 ஜூனில் அவர் இறந்தார். நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்த பிறகுதான் லேபிள் ஒட்டிய கதை எல்லோருக்கும் தெரிந்தது. அப்பா அன்று சொன்ன விலாசத்தின் பொருளும் பிள்ளைகளுக்கு அப்போதுதான் புரிந்தது.

சின்ன வயதில் தான் பட்ட வேதனையை அவர் பிள்ளைகளிடம் சொல்லிக் காட்டவே இல்லை. தன் பிள்ளைகளுக்கும் ஊரார் பிள்ளைகளுக்கும் அன்பை அள்ளிக் கொடுத்தார்.