உஸ்தாத் மன்சூர்

முகலாயப் பேரரசர் அக்பரின் ஓவியக்கூடத்தில் ஓவியர் பலர் பணியாற்றினர். அரசவையும் போர்க்களமும் வேட்டையுமே அவர்கள் பெரிதும் தீட்டிய காட்சிகள். அவர்களுள் ஒருவரான மன்சூர், பறவைகளையும் விலங்குகளையும் வரைவதில் தனித்திறன் பெற்று விளங்கினார்.

1605-ஆம் ஆண்டு அரியணை ஏறிய ஜஹாங்கீர், இயற்கையை உற்றுநோக்குவதில் பேரார்வம் கொண்டவர். அரிய பறவைகளைக் கண்டால் அவற்றின் தோற்றத்தையும் இயல்பையும் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அவற்றை வரையுமாறு ஓவியர்களையும் பணித்தார். 1612-இல் கோவாவிலிருந்து வான்கோழி ஒன்று அவருக்குக் கொண்டுவரப்பட்டது. மன்சூர் தீட்டிய வான்கோழி ஓவியம் இன்று இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மன்சூரின் திறமையை வியந்த பேரரசர், காலத்தின் அதிசயம் என்னும் பொருளுடைய 'நாதிருல் அஸ்ர்' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கினார்.

1620-இல் பேரரசருடன் மன்சூர் காஷ்மீர் சென்றார். அங்கே, மலையோடையில் மூழ்கி இரைதேடும் சிறு பறவையொன்று பேரரசரைக் கவர்ந்தது. அதனை வரையும் பொறுப்பு மன்சூரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பள்ளத்தாக்கின் மலர்களையும் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார்.

பறவையை அழகுபடுத்திக் காட்டுவது மன்சூரின் நோக்கமன்று; உள்ளதை உள்ளவாறே காட்டுவதே அவர் கலை. மெல்லிய தூரிகையால் ஒவ்வோர் இறகையும் தனித்தனியே தீட்டினார். அவர் வரைந்த சைபீரியக் கொக்கின் முகத்தில் இறகற்ற தோலின் சுருக்கங்களையும் காணலாம். அவ்வோவியமும், வங்காள வரகுக்கோழி ஓவியமும் கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளன. ஐரோப்பிய அறிஞர்கள் அப்பறவைகளுக்கு அறிவியல் பெயர் சூட்டியது, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலம் கழித்தே ஆகும்.

மொரீசியஸ் தீவில் வாழ்ந்த டோடோ பறவை பதினேழாம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனது. அதன் வண்ண ஓவியம் ஒன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ளது. மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் அவ்வோவியம், டோடோவின் உண்மைத் தோற்றத்தை அறிய அறிஞர்களுக்குப் பெரிதும் உதவுகிறது. குளிர்காலத்தில் இராஜஸ்தானின் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகளும் 2002-க்குப் பின் அங்கு வருவதில்லை.

அரசரின் மகிழ்ச்சிக்காகத் தீட்டப்பட்ட ஓவியங்கள் இன்று அறிவியலுக்குச் சான்றுகளாக நிற்கின்றன. மன்சூரின் கண்கள் உண்மையை மட்டுமே தேடியதால் விளைந்த பயன் இது. ஆயினும், ஓவியத்தால் ஒரு பறவையின் உருவத்தையே காக்க முடியும். அதன் உயிரைக் காப்பது நம் கடமையாகும்.