உடலைத் தமிழில் படிப்பித்த வைத்தியர் கிறீன்

கடுகண்ணாவையிலிருந்து மருத்துவம் படிக்கப் போன எமது பழைய மாணவிகள் சங்கக் கூட்டங்களுக்கு வரும்போது சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். உயர்தரம் வரை கலம், இழையம், என்பு, நாளம் என்று தமிழில் படித்தவர்களுக்கு, முதல் வருடத்தில் எல்லாமே ஆங்கிலம். கையில் எடுத்த என்பு எதுவென்று தெரியும், அதன் பெயர்தான் வாயில் வராது. அதனால்தான் இந்த நூற்றாண்டு மலரில் சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைவுகூருகிறோம்.

அவர் 1822இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டிலிருந்து மானிப்பாய் அவரது ஊராயிற்று. அங்கு நோயாளரைப் பார்த்ததோடு இளைஞர்களுக்கு மருத்துவமும் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆனால் அப்படிப் படித்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விட, கிராமத்து நோயாளி கிராமத்திலேயே கிடந்தார். தமிழில் படித்தவர் தம் ஊரிலேயே தங்கி வைத்தியம் செய்வார் என்பது கிறீனின் கணக்கு. 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

வகுப்பு நடத்தப் புத்தகம் வேண்டுமே! அமெரிக்காவில் கட்டர் என்பவர் எழுதிய பாடநூலை ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்ற பெயரில் அவர் ஏற்கெனவே தமிழாக்கியிருந்தார். அங்காதிபாதம் என்பது உடலமைப்பு, சுகரணவாதம் உடல் தொழிற்படும் விதம், உற்பாலனம் உடலைப் பேணும் முறை. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் பற்றிய நூல்களும் வந்தன. 1872இல் வெளியானது ‘மனுஷ அங்காதிபாதம்’. 1858இல் லண்டனில் வெளிவந்த கிறேயின் பெருநூலும் வேறு சில நூல்களும் அதற்கு ஆதாரம். இன்றும் மருத்துவ மாணவர்கள் சுமந்து திரிகிற அதே கிறே, அச்சாகிப் பதினான்கு ஆண்டுகளில் தமிழுக்கு வந்துவிட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சொல்லாக்கத்தில் அவர் பிடிவாதக்காரர் அல்லர். வழக்கில் தமிழ்ச் சொல் இருந்தால் அது, இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார். இரசாயனவியல் நூலுக்கு ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்தது அப்படித்தான். சில சொற்கள் எமக்கு இன்று கரடுமுரடாகத் தெரிகின்றன. ஆனால் அவரோடும் அவரது மாணவரோடும் இருந்து சொல் தேடியவர்கள், நமக்குப் பழகிப்போன கலைச்சொல் அகராதி ஒன்றும் இல்லாத காலத்தவர்கள்.

அவர் வந்தது மதம் பரப்பவே. அதை மறைக்கத் தேவையில்லை. இருந்தும் கிறிஸ்தவராகும் தமிழர் தொப்பியும் காற்சட்டையும் அணிந்து வெள்ளைக்காரராக மாறுவதை அவர் விரும்பவில்லை.

அவரிடம் பயின்றவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் தமிழில் கற்றவர்கள். பெண்கள் அந்த வகுப்புகளில் இருக்கவில்லை என்பதை எம்மால் சொல்லாமல் விட முடியவில்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது 1892இல். அப்போது கிறீன் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவக் கல்வி தொடங்கியது 1870இல். 1873இல் கிறீன் நாடு திரும்பினார். மானிப்பாயில் தமிழ் மருத்துவ வகுப்பும் அதன்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆனால் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. வூஸ்டரிலிருந்தபடியே தமிழ் நூல்களைத் தொடர்ந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளியானது. அடுத்த ஆண்டு மே மாதம் அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று அவரது கல்லறையில் பொறித்திருக்கிறது. மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரிலேயே இயங்குகிறது.