வீடில்லாதவரின் வீடு: புனித பெனடிக்ட் யோசேப்பு லாப்ரே

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலயப் படிகளில் இறங்கும்போது, அங்கே கையேந்தி அமர்ந்திருப்பவர்களை நாம் பார்க்கிறோம். சில்லறை போடுகிறோம், கடந்து போகிறோம். இரவில் அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்பதில்லை. உரோமை நகரில் அப்படி ஓர் ஆலய வாசலில் மயங்கி விழுந்த ஒருவரைத் திருச்சபை இன்று புனிதராகப் போற்றுகிறது.

பெனடிக்ட் யோசேப்பு லாப்ரே 1748 மார்ச் 26 அன்று வட பிரான்சின் அமெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். 15 பிள்ளைகளில் அவரே மூத்தவர். பங்குத்தந்தையாக இருந்த அவருடைய தந்தையின் சகோதரரிடம் வளர்ந்தார். 1766-இல் அப்பங்கில் கொள்ளைநோய் பரவியபோது, இருவரும் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்நோயிலேயே குருவானவர் இறந்தார்.

துறவியாக வேண்டும் என்பதே பெனடிக்டின் ஆசை. ஆனால் அவர் தட்டிய மடங்களின் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. வயது போதாது என்றார்கள். உடல் தாங்காது என்றார்கள். 1769-இல் ஏற்றுக்கொண்ட சிஸ்டெர்சியன் மடத்திலிருந்தும் நோய் காரணமாக 1770-இல் வெளியேற நேர்ந்தது. அவர் மனம் கசக்கவில்லை. சாலையே தம் துறவு மடம் என்று ஏற்றுக்கொண்டார்.

கந்தல் உடையோடு லொரேத்தோ, அசிசி, கொம்போஸ்தெலா எனத் திருத்தலங்களுக்குக் கால்நடையாகவே போனார். அவருடைய சிறு பையில் புதிய ஏற்பாடும், செபப் புத்தகமும், கிறிஸ்துநாதர் அனுசாரமும் இருந்தன. யாராவது உணவு கொடுத்தால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை மற்ற ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்.

பின்னர் உரோமையிலேயே தங்கினார். இரவில் கொலோசியத்தின் இடிபாடுகளுக்கிடையே படுத்தார். பகலில் நாற்பது மணி ஆராதனை எந்த ஆலயத்தில் நடக்கிறதோ, அங்கே நற்கருணை நாதர் முன் மணிக்கணக்காக முழந்தாளிட்டிருந்தார். அவர் உடலில் பேன்கள் மொய்த்ததால் அருகில் வரச் சிலர் அருவருத்தார்கள். ஆயினும் ஆலயக் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது.

உடல் நலிந்த கடைசி ஆண்டுகளில், குரு ஒருவர் நடத்திவந்த ஏழைகள் இல்லத்தில் அவருக்கு இரவுப் படுக்கை கிடைத்தது. 1783 ஏப்ரல் 16, புனித வாரத்தின் புதன்கிழமை. மோந்தி பகுதியிலுள்ள மரியன்னை ஆலயத்தில் செபித்துவிட்டு வெளியே வந்தவர், வாசலில் மயங்கி விழுந்தார். அவரை அறிந்திருந்த இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அன்று மாலையே, 35 வயதில், அந்த வீட்டுக் கட்டிலில் பெனடிக்ட் உயிர் துறந்தார். புனிதர் இறந்துவிட்டார் என்று தெருக்களில் முதலில் கூவிச் சென்றவர்கள் சிறுவர்களே. மக்கள் திரண்டு வந்தார்கள். எந்த ஆலய வாசலில் விழுந்தாரோ, அந்த ஆலயத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1881 டிசம்பர் 8 அன்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் அவரைப் புனிதராக உயர்த்தினார். வீடற்றோரின் பாதுகாவலராக அவரை நாம் ஏப்ரல் 16-ஆம் நாள் நினைவுகூர்கிறோம்.

நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. படுக்கை கொடுத்த அந்தக் குருவும், வீட்டைத் திறந்த அந்தக் கடைக்காரரும், வந்தவர் புனிதராகப் போகிறவர் என்று கணக்குப் பார்த்து உதவவில்லை. தங்க இடமில்லாதவர் என்பது மட்டுமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. 2019-இல் வத்திக்கானில் தூய பேதுரு சதுக்கத்தின் அருகே ஓர் அரண்மனை வீடற்றோர் தங்கும் இல்லமாகத் திறக்கப்பட்டது. நம்மிடம் அரண்மனை இல்லை. ஆனால் பல பங்குகளில் வாரம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை இருக்கிறது. மழை இரவில் ஒதுங்க ஒரு தாழ்வாரம் இருக்கிறது.

மாட்டுக் கொட்டிலில் பிறந்த ஆண்டவரை வழிபடும் நாம், அடுத்த ஞாயிறு அந்தப் படிகளில் ஒரு நிமிடம் நின்று, அங்கே இருப்பவரின் பெயரையாவது கேட்போமா? புனித பெனடிக்ட் யோசேப்பு லாப்ரே நமக்காகப் பரிந்துபேசுவாராக.