சக்கர நாற்காலியைத் திடலுக்குக் கொண்டு வந்த டாக்டர் குட்மன்

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் மரத்திலிருந்து விழுந்தோ, மோட்டார் சைக்கிள் விபத்திலோ முதுகுத்தண்டு முறிந்தால், அந்த வீட்டில் எல்லாம் முடிந்துபோனதாகவே நினைப்பார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பை மாற்றியவர் டாக்டர் லுட்விக் குட்மன்.

1899 ஜூலை 3ஆம் தேதி ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1917இல் மருத்துவமனைத் தொண்டராக இருந்தபோது, முதுகு முறிந்த ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி சில வாரங்களில் இறந்துபோவதைக் கண்டார். அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவில்லை. நாஜிக் கொடுமைக்குத் தப்பி 1939இல் குடும்பத்துடன் இங்கிலாந்து சென்றார்.

1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுப் பிரிவு அவர் பொறுப்பில் திறக்கப்பட்டது. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். பிறகு அவர்களைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, விளையாட்டையே சிகிச்சையாக்கினார் குட்மன். கைத்தடியால் அடித்து ஆடும் போலோ, கூடைப்பந்து, வில்வித்தை என்று ஒவ்வொன்றாக வந்தன. கால் அசையாவிட்டாலும் கையும் தோளும் வலுப்பெற்றன.

1948 ஜூலை 29இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், போரில் காயமடைந்த 16 பேர் நாற்காலியில் அமர்ந்து அங்கே வில்லெய்தனர். 1960இல் ரோமில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் கலந்துகொண்டனர். அதுவே முதல் பாராலிம்பிக். மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டது 1972இல், குட்மன் தப்பி ஓடி வந்த அதே ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில். 1966இல் சர் பட்டம் பெற்ற அவர், 1980 மார்ச் 18இல் காலமானார்.

அன்றைய கனமான நாற்காலி இன்று எடை குறைந்துவிட்டது. கவிழாமல் சட்டெனத் திரும்புவதற்காக விளையாட்டு நாற்காலியின் சக்கரங்கள் சாய்வாகப் பொருத்தப்படுகின்றன.

நம் நாட்டில் தகுதியுள்ளோருக்குச் சக்கர நாற்காலி, செயற்கைக் கால் போன்றவை பெற சொக்சோவும் சமூக நல இலாகாவும் உதவுகின்றன. விண்ணப்பித்து வாங்கித் தருவது குடும்பத்தின் முதல் வேலை. ஆனால் அந்த நாற்காலி வீட்டு வாசலோடு நின்றுவிடக்கூடாது. மாலையில் தோட்டத்துத் திடல் வரை அது போக வேண்டும். குட்மன் செய்து காட்டியது அதைத்தான்.