போரிஸ் லெவின்சன்

போரிஸ் மேயர் லெவின்சன் (1907 – 1984) ஓர் அமெரிக்க உளவியலாளர் ஆவார். மனத்துயருற்ற குழந்தைகளுக்கு அளிக்கும் சிகிச்சையில் நாயைத் துணையாகக் கொள்வது பற்றி முறைப்படி எழுதிய முன்னோடி இவர். இன்று பல நாடுகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் மன ஆறுதலுக்காக அழைத்து வரப்படும் சிகிச்சை நாய்களின் வரலாறு பெரும்பாலும் இவரிடமிருந்தே தொடங்கிச் சொல்லப்படுகிறது.

பிறப்பும் பணியும்

அன்றைய உருசியப் பேரரசின் கீழ் இருந்த லித்துவேனியாவில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்த லெவின்சன், இளமையிலேயே ஐக்கிய அமெரிக்காவில் குடியேறினார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அந்நகரின் யெசீவா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். வீடற்ற ஆண்களின் ஆளுமை குறித்தும் இவர் ஆராய்ந்துள்ளார். எனினும் இவரது பெயர் நிலைத்தது ஒரு நாயினால்தான்.

ஜிங்கிள்ஸ்

அந்த நாயின் பெயர் ஜிங்கிள்ஸ். 1950களின் தொடக்கத்தில், எவருடனும் பேசாது தன்னுள் ஒடுங்கிப்போன சிறுவன் ஒருவனை அவனுடைய பெற்றோர் லெவின்சனிடம் அழைத்து வந்தனர். அவனுக்கு முன்னரே நெடுநாள் சிகிச்சை அளிக்கப்பட்டும் பயன் கிட்டவில்லை. மருத்துவமனையில் சேர்ப்பதே வழி என்னும் நிலை ஏற்பட்டிருந்தது. குறித்த நேரத்துக்கு முன்னதாகவே அவர்கள் வந்துவிட்டனர். வழக்கமாக நோயாளிகள் வரும் வேளையில் நாய் அறையில் இருப்பதில்லை. அன்று அது லெவின்சனின் காலடியில் படுத்திருந்தது.

வரவேற்க எழுந்தவர் நாயை மறந்துவிட்டார். ஜிங்கிள்ஸ் ஓடிச் சென்று சிறுவனை நக்கியது. அவன் அஞ்சி விலகாமல் அதனை அணைத்துக்கொண்டான். தாய் இருவரையும் பிரிக்க முற்பட்டபோது லெவின்சன் தடுத்துவிட்டார். புறப்படும் முன் சிறுவன், நாயுடன் விளையாட மீண்டும் வர விரும்புவதாகத் தெரிவித்தான்.

அடுத்த பல சந்திப்புகளில் அவன் நாயுடன் மட்டுமே விளையாடினான்; மருத்துவர் ஒருவர் அங்கு இருப்பதையே கவனியாதவன் போலிருந்தான். நாயின் மீதிருந்த பற்று சிறிது சிறிதாக அதன் உரிமையாளர் மீதும் படர்ந்தது. அதன் பின்னரே உண்மையான சிகிச்சை தொடங்க முடிந்தது. பிற்காலத்தில் இந்நிகழ்வை எடுத்துக்கூறுவோர் பலர் நாயே சிறுவனைக் குணப்படுத்தியதாக எழுதுவதுண்டு. லெவின்சன் கூறியது அதுவன்று. நாய் கதவைத் திறந்தது. உள்ளே சென்று பணி செய்ய மனிதர் ஒருவர் தேவைப்பட்டார்.

ஏளனமும் ஏற்பும்

1961இல் நியூயார்க்கில் நடைபெற்ற அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் லெவின்சன் இவ்வனுபவங்களை எடுத்துரைத்தார். அவையில் இருந்தோர் பலர் நகைத்தனர். கட்டணத்தில் எத்தனை விழுக்காட்டை நாய்க்குக் கொடுக்கிறார் என்றுகூட ஒருவர் கேட்டதாகக் கூறப்படுகிறது. இருப்பினும் அடுத்த ஆண்டே, நாயைத் துணைச் சிகிச்சையாளராகக் கருதும் அவரது கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளிவந்தது.

விலங்குகளை நோயாளிகளுடன் பழகவிட்டதில் லெவின்சன் முதல்வர் அல்லர். 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் நிறுவிய மனநல இல்லத்தின் வளாகத்தில் முயல்களும் கோழிகளும் இருந்தன. சிக்மண்ட் பிராய்டும் ஜோஃபி என்னும் தம் சௌ சௌ இன நாயைச் சிகிச்சை அறையில் வைத்திருந்தார்; அதன் நடத்தையைக் கொண்டு நோயாளியின் மனப்பதற்றத்தைக் கணித்ததாகவும் கூறுவர். ஆனால் நாயைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொண்டு, அதற்கான காரணங்களையும் வரம்புகளையும் ஆராய்ந்து எழுதியது லெவின்சனின் தனிப் பங்களிப்பாகும்.

நூல்களும் பள்ளி குறித்த ஆய்வும்

செல்லப்பிராணிகளைக் கொண்டு குழந்தைகளுக்கு அளிக்கும் உளச்சிகிச்சை பற்றிய இவரது நூல் 1969இலும், மனித வளர்ச்சியில் செல்லப்பிராணிகளின் இடம் பற்றிய நூல் 1972இலும் வெளியாயின. நாய் பேச்சை எதிர்பார்ப்பதில்லை, மதிப்பெண் கேட்பதில்லை, ஆகவே மனிதரை நம்ப இயலாத குழந்தைக்கும் அதனிடம் நெருங்குவது எளிது என்பது இவரது அடிப்படைக் கருத்து. வளர்த்த விலங்கின் இறப்பு குழந்தையின் மனத்தில் ஏற்படுத்தும் துயரையும் இவர் ஆராய்ந்தார்.

மாணவர்களைப் பொறுத்தவரை 1968இல் வெளிவந்த இவரது கட்டுரை முக்கியமானது. உறைவிடப் பள்ளிகளில் செல்லப்பிராணிகளை வைத்திருப்பதால் விளையக்கூடிய சிகிச்சைப் பயனை அது ஆராய்ந்தது. நாயை மருத்துவரின் அறையிலிருந்து பள்ளிக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் இதில் தெளிவாகவே உள்ளது.

தனி நேர்வுகளை மட்டுமே சான்றாகக் காட்டினார் என்பது இவர் மீது வைக்கத்தக்க நியாயமான குறை. அதனை இவரும் அறிந்திருந்தார். 1982இல் எழுதிய கட்டுரையில், மனிதர்-விலங்கு உறவு குறித்து எதிர்காலத்தில் செய்யப்படவேண்டிய ஆய்வுகளை வகுத்துக் காட்டினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் காலமானார்.

உயர்நிலைப் பள்ளிகளில்

2018 பெப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலம் பார்க்லாந்தில் உள்ள மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் கொல்லப்பட்டனர். பள்ளி மீண்டும் திறக்கப்பட்டபின், மனநல ஆலோசகர்களுடன் சிகிச்சை நாய்களும் அங்கு வந்தன. அடுத்த கல்வியாண்டின் ஆண்டு மலரில் மாணவர்கள் தம் படங்களுடன் 14 நாய்களின் படங்களையும் சேர்த்து வெளியிட்டனர்.

லெவின்சன் கோரிய வகையிலான அளவீட்டு ஆய்வுகளும் பின்னர் வந்தன. 2019இல் வாசிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், நாய், பூனைகளுடன் 10 நிமிடம் நேரடியாகப் பழகியோரின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த இயக்குநீர் குறைந்திருந்தது. இது குறுகிய நேர விளைவே. நீண்டகாலப் பயனுக்கு இதைச் சான்றாகக் கொள்ள இயலாது.

சிகிச்சை நாய் வேறு, பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய் வேறு என்பது குறிப்பிடத்தக்கது. வழிகாட்டி நாய் ஒருவருக்கே உரியது. சிகிச்சை நாய் தன்னைக் கையாள்பவருடன் வந்து பலருடனும் பழகுவது.

தமிழகத்தில்

கூடலூர், கம்பம் பகுதியினர் நன்கு அறிந்த கோம்பை நாய், அதே பள்ளத்தாக்கிலுள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரைக் கொண்டது. காவலுக்கும் வேட்டைக்கும் பெயர் பெற்றது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில் இடம்பெற்றுள்ள கோவிவன் என்னும் நாயும் கள்வரை எதிர்த்த காவல் நாயே. நாயை ஆறுதல் தரும் துணையாகப் பள்ளிக்குள் அழைத்துவருவது இம்மரபுக்குப் புதிது. வெறிநாய்க்கடி அச்சம் நீங்காத சூழலில், தடுப்பூசியும் நாயின் இயல்பை அறியும் சோதனையும் இன்றி இதனைத் தொடங்க இயலாது. நாயைக் கண்டு அஞ்சும் மாணவருக்கு விலகியிருக்கும் உரிமையும் வேண்டும். சென்னையில் சி. பி. இராமசாமி ஐயர் அறக்கட்டளையின் சரசுவதி கேந்திரத்தில், கற்றல் குறைபாடு உடைய குழந்தைகளுக்கு நாய்களின் துணையுடன் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது.