இதயம் மாற்றிய டாக்டர் சென்

மதுரை ரோட்டில் போக்குவரத்தைப் போலீசார் நிறுத்துகிறார்கள். ஆம்புலன்சு பறக்கிறது. மூளைச் சாவு அடைந்த ஒருவரின் உறுப்பு, வேறொருவரை வாழ வைக்கப் போகிறது!

இந்தியாவில் முதன் முதலாக மனித இதயத்தை மாற்றிப் பொருத்தியவர் யார் தெரியுமா?

அவர்தான் டாக்டர் பி.கே.சென்.

1915-ல் பிறந்த இவர், பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். பாம்பின் இதயத் தசை, இதய அறையில் இருந்தே நேராக ரத்தம் பெறுகிறது. மனிதனுக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று எண்ணினார். இதயத் தசையில் ஊசியால் துளையிட்டு ஆராய்ந்தார். நாய்களுக்கு இதயம் மாற்றிப் பழகினார்.

1967 டிசம்பர் 3-ந் தேதி தென் ஆப்பிரிக்காவில் டாக்டர் பர்னார்டு, உலகிலேயே முதலாவதாக மனிதனுக்கு மனித இதயத்தைப் பொருத்தினார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். 3 மாதத்துக்குள், 1968 பிப்ரவரியில், சென் கத்தியை எடுத்தார். உலகில் அது 6-வது ஆபரேஷன்!

புதிய இதயம் துடித்தது. ஆனால் சுமார் 3 மணி நேரத்தில் நோயாளி இறந்தார். அதே ஆண்டு செய்த இரண்டாவது ஆபரேஷனிலும் நோயாளி பிழைக்கவில்லை.

மாற்று இதயத்தை உடல் ஒதுக்கித் தள்ளாமல் காக்கும் நல்ல மருந்து அன்று இல்லை. மூளைச் சாவை ஏற்கும் சட்டமும் இல்லை.

1982-ல் சென் மறைந்தார். 1994-ல் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 3-ந் தேதி டெல்லியில் டாக்டர் வேணுகோபால் வெற்றி கண்டார்.

அந்த வெற்றியைப் பார்க்க சென் இல்லை. ஆனால், 26 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பாதையில் முதலில் நடந்தவர் அவரே!