ஆசிரியராய்த் தொடங்கி அவைக்குச் சென்றவர்: எம்.சி. ராஜா

பள்ளிக்கென அரசு அளிக்கும் பணம் எங்கே போய்ச் சேர வேண்டும்? சுவருக்கா, கூரைக்கா, அன்றி அக்கூரையின் கீழ் நின்று கற்பிக்கும் ஆசிரியருக்கா? இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. சென்னை மாகாணத்தில் மானியம் என்னும் சொல் வழக்கிற்கு வந்த நாள்தொட்டு இருந்துவரும் வினா இது. இதனோடு நெருங்கிய தொடர்புடையது ராவ்பகதூர் எம்.சி. ராஜா அவர்களின் வாழ்க்கை. அவர் பெயரை அறிந்தோர் பலர். அவர் ஓர் ஆசிரியர் என்பதை அறிந்தோர் சிலரே. புளியந்தோப்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தம் ஊராகக் கொண்ட மாணவச் செல்வங்கள் அவரை அறிந்துகொள்ளத் தனியான காரணமும் ஒன்றுண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளை கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த காலம் அது. படித்து முடித்தபின் அவர் தேர்ந்துகொண்டது ஆசிரியப் பணி. வகுப்பறையில் நின்று பாடம் சொன்னார், பாடநூல்கள் எழுதினார். எந்தப் பிள்ளை பள்ளிக்கு வருகிறது, எந்தப் பிள்ளை வாயிலோடு நின்றுவிடுகிறது என்பதை அறிக்கைகளைப் படித்து அறிந்தவரல்லர் அவர், வகுப்பறையிலேயே கண்டவர்.

அந்நாளைய கல்வி நிலையைச் சற்றே நினைவுகூர்தல் நலம். 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை அளிக்கும் முறைக்கு வழிவகுத்தது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் மாகாணத்தில் நடைமுறையில் இருந்தது, தேர்வில் மாணவர் பெறும் வெற்றியை அளந்து மானியம் தரும் முறையே. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தேறுவான். பள்ளிக்கு மானியம் வரும். அறுவடைக் காலத்தில் கூலிக்குப் போகும் பிள்ளை தேறமாட்டான்; அவனால் பள்ளிக்கு நட்டம். எனவே ஏழைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியரின் வயிறே முதலில் காய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறை கைவிடப்பட்டது. ஆசிரியரின் தகுதியையும் பயிற்சியையும் கணக்கிற்கொள்ளும் முறை மெல்ல மெல்ல வேரூன்றியது.

இதற்கிடையே 1893-இல் மாகாண அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஒடுக்கப்பட்டோர் வாழும் சேரிகளில் தனிப் பள்ளிகள் திறத்தல், பள்ளிக்குப் புறம்போக்கு நிலம் வழங்குதல், இரவுப் பள்ளிகளுக்கு நிதியளித்தல் ஆகியவற்றோடு, அம்மக்களிலிருந்தே ஆசிரியர்களைப் பயிற்றுவித்தலும் அவ்வாணையில் இடம்பெற்றது. நல்ல ஆணைதான். எனினும் ஆணைக்கும் நடைமுறைக்கும் இடையே இருந்த தொலைவு பெரிது. 1919-ஆம் ஆண்டளவில் மாகாணத்தில் பொது நிருவாகத்தின் கீழிருந்த 8,157 பள்ளிகளில், ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளப்பட்டவை 609 மட்டுமே. பள்ளிகள் மக்களின் வரிப்பணத்தில் நடந்தன. ஆனால் அம்மக்களுள் ஒரு பகுதியினர்க்குக் கதவு அடைத்தே இருந்தது.

ஆசிரியர் ராஜா பொதுவாழ்வில் இறங்கியதற்குப் பின்புலம் இதுவே. 1916-இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1920-இல் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்னும் பெயரையே அரசு ஆவணங்களில் வழங்க வேண்டும் என்று அவர் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக 1922-இல் அரசாணை வெளிவந்தது. வருகைப் பதிவேட்டில் எழுதப்படும் பெயர் ஒரு பிள்ளையின் நெஞ்சில் என்ன செய்யும் என்பதை, நாள்தோறும் அப்பதிவேட்டைப் படித்த ஆசிரியரைவிட நன்கறிந்தவர் யார்?

அவ்வாண்டுகளில் ஒடுக்கப்பட்டோர் நலனைக் கவனிக்கும் பொறுப்பு அரசின் தொழிலாளர் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. மனைப்பட்டா வழங்குதல், கிணறு வெட்டுதல், உதவித்தொகை அளித்தல் ஆகியவற்றோடு பள்ளிகள் திறத்தலும் அத்துறையின் பணியாயிற்று. மக்கள் அவற்றை லேபர் பள்ளிகள் என்றே அழைத்தனர். பொதுப் பள்ளியின் கதவு திறவாத இடத்தில், அரசே தன் செலவில் ஆசிரியரை அமர்த்திய பள்ளிகள் அவை. இத்துறைக்கு அவையிலும் வெளியிலும் அரணாக நின்றவர் ராஜா.

இனிப் புளியந்தோப்புக்கு வருவோம். 1921-இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடித்தது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் பெருமையோடு பேசப்படும் போராட்டம் அது. திரு.வி.க. போன்ற சான்றோர் தொழிலாளர் பக்கம் நின்றனர். ஆயின் அப்போராட்டத்தினுள் ஒரு பிளவு விழுந்தது. வறுமையின் விளிம்பில் வாழ்ந்த ஆதிதிராவிடத் தொழிலாளருட் பலர் வேலைக்குத் திரும்பினர். அவர்களைத் திரும்பச் சொன்னவர்களுள் ராஜாவும் ஒருவர். ஒருபுறம் சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம் தொழிலாளரும், மறுபுறம் ஆதிதிராவிடத் தொழிலாளரும் எனத் தெருக்கள் பிரிந்தன. அவ்வாண்டு ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின. தொடர்ந்த மாதங்களில் கலவரமும் காவலர் துப்பாக்கிச் சூடும் உயிர்களைப் பலிகொண்டன.

இந்நிகழ்ச்சியை நம் சமுதாயத்து இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அன்று எதிரெதிரே நின்ற இரு கூட்டத்தாருமே ஏழைகள். ஒரே ஆலையின் சங்கொலிக்கு எழுந்தவர்கள். நம் முன்னோர் ஒரு பக்கத்தில் நின்றனர் என்பது வரலாறு. அதனை மறைப்பதால் பெருமை வந்துவிடாது. ராஜா எடுத்த நிலை சரியா தவறா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் எரிந்த குடிசையிலிருந்து மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்னும் வினாவிற்கு, நம் மார்க்கம் கற்பித்த நீதியின்படி ஒரே விடைதான் இருக்க முடியும்.

கலவரத்திற்குப் பின் நடந்தது இன்னும் கருதத்தக்கது. தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்க்கு அளவுமீறிச் சலுகை காட்டியதே பூசலுக்குக் காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர்களே குற்றஞ்சாட்டினர். பள்ளியும் கிணறும் சலுகை எனப்பட்டன. தாமும் சேர்ந்து வளர்த்த கட்சி அது என்ற போதும் ராஜா இதனை ஏற்கவில்லை. 1923-இல் அக்கட்சியை விட்டு விலகினார்.

சலுகை என்னும் இச்சொல் நமக்கும் புதியதன்று. அதே ஆங்கில ஆட்சியில் நம் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணச் சலுகை இருந்தது. இராயப்பேட்டையில் முஸ்லிம் பெண்மக்களுக்கென ஹோபார்ட் பள்ளி நடந்தது. 1918-இல் அண்ணா சாலையில் அரசினர் முகமதியக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அவற்றால் விளைந்த நன்மையை நாம் அறிவோம். பின்தங்கிய மக்களுக்கு அரசு செய்யும் செலவு பிச்சையன்று. பட்ட கடனைத் திருப்பித் தருவது போன்றது. இதனை நம் பொருட்டு ஏற்றுக்கொள்ளும் நாம், அண்டை வீட்டார் பொருட்டும் ஏற்றுக்கொள்ளுதல் அறமாகும்.

அரசியல் அலைகளுக்கு நடுவேயும் ராஜாவினுள் இருந்த ஆசிரியர் உறங்கிவிடவில்லை. 1927 முதல் 1937 வரை மத்திய சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாக விளங்கினார். அவ்விடைக்காலத்தில், 1930-இல், ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் இணைந்து மழலையர்க்கான பாடல் நூலொன்றை வெளியிட்டார். தில்லி அவையில் சட்டம் பேசிய ஒருவர் மூன்று வயதுக் குழந்தைக்குப் பாட்டுத் தேடினார் என்பதில் வியப்பில்லை. கல்வியின் அடித்தளம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்த ஆசிரியர் செய்யும் செயல்தான் அது.

1932-இல் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்பாடு கண்டு, இட ஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டுத் தொகுதி முறையை ஆதரித்தார். தனித் தொகுதி வேண்டிய அண்ணல் அம்பேத்கருடன் இதில் மாறுபட்டார். 1937-இல் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சரானார். 1938-இல் ஆலய நுழைவு மசோதாவைக் கொணர்ந்து தோல்வி கண்டார். 1942-இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது அம்பேத்கருடன் ஒன்றுபட்டு நின்றார். 1943 ஆகஸ்டு 20-ஆம் நாள் மறைந்தார். சைதாப்பேட்டையிலுள்ள மாணவர் விடுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

லேபர் பள்ளிகள் 1949-க்குப் பின் அரிசன நலத்துறையின் கீழ் வந்து, பிற்காலத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, பணியிலிருக்கும் ஆசிரியர்க்கும் பயிற்சி தரும் மாவட்ட நிறுவனங்கள் மத்திய அரசின் நிதியால் எழுந்தன. 2018-இல் அனைவருக்கும் கல்வித் திட்டம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வித் திட்டம் ஆகிய மூன்றும் சமக்ர சிக்ஷா என்னும் ஒரே திட்டமாயின. அத்திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழகம் எதிர்பார்த்த 2,152 கோடி ரூபாய், கொள்கை வேறுபாட்டால் நிறுத்திவைக்கப்பட்டது. அன்று தேர்வு முடிவோடு கட்டப்பட்டிருந்த மானியம் இன்று கொள்கை ஏற்போடு கட்டப்படுகிறது. தருவோர் விதிக்கும் நிபந்தனை வேறு. அது தடைப்படும்போது முதலில் வாடுவோர் மட்டும் அதே ஏழைப் பிள்ளையும் அதே ஆசிரியருமே.

பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டுவிட்டது. அதன் சங்கொலியும் அடங்கிவிட்டது. ஆனால் புளியந்தோப்பின் தெருக்களில் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர். நம் கல்லூரியில் தமிழ் பயின்று நாளை ஆசிரியராகப் போகும் மாணவ மணிகளே! நீங்கள் பெறும் ஊதியம், அவர்களின் பெற்றோர் தீப்பெட்டிக்குக் கொடுத்த வரியும் சேர்ந்தது. வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் மதிப்போடு அழையுங்கள். அம்மதிப்பிற்காகத் தம் வாழ்நாள் முழுதும் வாதாடிய ஓர் ஆசிரியர் நமக்கு முன்னே நடந்து சென்றிருக்கிறார்.